கைவிடப்பட்ட லிஸ்டட் கம்பெனியை யாரோ கைப்பற்றினால் எப்படிக் கண்டுபிடிப்பது?

திருமங்கலம்77

மதுரை, திருமங்கலம், ராஜபாளையம் பக்கம் பல வீட்டு பீரோக்களில் 1992–96 காலத்துப் பங்குச் சான்றிதழ்கள் இன்னும் கிடக்கின்றன. நூற்பாலை, லீசிங், கிரானைட், இறால் பண்ணை என்று அன்றைக்கு பப்ளிக் இஷ்யூ போட்ட கம்பெனிகள். பல கம்பெனிகள் மெட்ராஸ் பங்குச் சந்தையிலோ கோயம்புத்தூர் பங்குச் சந்தையிலோ மட்டும் பட்டியலானவை. கோவை சந்தை 2013-லும் மெட்ராஸ் சந்தை 2015-லும் தொழிலை விட்டு விலகிவிட்டன. கம்பெனி வாசலில் பூட்டு, டைரக்டர்களில் பாதிப் பேர் உயிரோடு இல்லை.

இப்படிக் கிடக்கும் கம்பெனி திடீரென்று பெயர் மாறி, புது டைரக்டர்களோடு, ‘ஏஐ’, ‘சோலார்’ என்று டெலிகிராம் குழுக்களில் சுற்றுகிறது. இன்னொரு பக்கம், பழைய ஷேர் இருந்தால் கொடுங்கள் என்று ஆட்கள் வீடு தேடி வருகிறார்கள். எந்தக் கம்பெனி பெயரும் இங்கே வேண்டாம். வந்திருப்பவர் உண்மையாகவே கம்பெனியை மீட்க வந்தவரா, திருட வந்தவரா என்று ஒரு சாதாரணப் பங்குதாரர் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக எழுதுங்கள்.

சிம்மக்கல்

இப்படித் தொழில் இல்லாமல் பெயரளவில் நிற்கும் கம்பெனியை ‘ஷெல் கம்பெனி’ என்பார்கள். அந்தச் சொல்லுக்குக் கம்பெனிகள் சட்டம் 2013-ல் வரையறையே இல்லை. 2017 ஆகஸ்ட் 7 அன்று செபி (பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம்) 331 கம்பெனிகளைச் சந்தேகப் பட்டியலில் போட்டு, மாதம் ஒரு நாள் மட்டும் வர்த்தகம் என்று கட்டுப்படுத்தியது. அதில் நன்றாக இயங்கிக்கொண்டிருந்த இரண்டு கம்பெனிகள் பங்கு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய் மூன்றே நாளில் தடை வாங்கின. அதனால் ‘ஷெல்’ என்று எங்கேயாவது எழுதியிருப்பதை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள்.

கைவிடப்பட்ட லிஸ்டட் கம்பெனி ஏன் சாகாமல் கிடக்கிறது என்பதுதான் இதில் முக்கியம். கம்பெனிகள் சட்டம் பிரிவு 248-ன் கீழ் பதிவாளர் 2017-ல் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளைப் பதிவேட்டிலிருந்து நீக்கினார். ஆனால் 2016-ம் ஆண்டின் பெயர் நீக்க விதிகளில் விதி 3 லிஸ்டட் கம்பெனிகளுக்கும், விதிமீறலால் சந்தைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவற்றுக்கும், ‘காணாமல் போன கம்பெனி’ என்று அறிவிக்கப்பட்டவற்றுக்கும் விலக்குக் கொடுத்திருக்கிறது. அவற்றை அப்படி எளிதாக நீக்க முடியாது. முதலீட்டாளரைக் காப்பாற்ற வைத்த விதி அது. பட்டியலில் இருக்கும் கம்பெனி பிரிவு 455-ன் கீழ் ‘டார்மன்ட்’ (செயலற்ற கம்பெனி) நிலையும் கேட்க முடியாது. ஆக ஆள் இல்லாமலே பல வருஷம் உயிரோடு பதிவேட்டில் நிற்கிறது. வெளியூரில் இருப்பவர் நிலத்துக்குப் போலி பவர் எழுதிப் பட்டா மாற்றுவதை நம் பக்கம் எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். இதுவும் அதே வேலைதான், நிலத்துக்குப் பதில் கம்பெனி.

அடுத்தது, கைப்பற்ற வருபவர் பங்கு வாங்கிக் கம்பெனியைப் பிடிப்பதில்லை. பங்கு வாங்கினால் செபியின் கையகப்படுத்தல் விதிகள் வந்துவிடும். 25% தொட்டால் பொதுப் பங்குதாரர்களிடம் இன்னும் 26% வாங்க ஓப்பன் ஆஃபர் கொடுக்க வேண்டும். ஒரு பங்கும் வாங்காமல் நிர்வாகக் கட்டுப்பாட்டை மட்டும் எடுத்தாலும் ஒழுங்குமுறை 4-ன்படி அதே கடமை உண்டு. அதனால் அவர் தொடுவது போர்டு ரெக்கார்டை. பழைய டைரக்டர் ராஜினாமா செய்தார், புதியவர் நியமிக்கப்பட்டார் என்று டிஐஆர்-12 படிவம் ஏறிவிட்டால் எம்சிஏ (மத்திய கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்தில் அவர்தான் டைரக்டர். அந்தப் படிவம் பெரும்பாலும் அதிகாரி பார்க்காமலே நேராகப் பதிவாகும் வகை. டிஜிட்டல் கையெழுத்தும் ஒரு தொழில்முறையாளர் சான்றும் இருந்தால் உள்ளே போய்விடும். அதற்குப் பிறகு வங்கிக் கணக்கு, ஆர்டிஏ (பங்குப் பதிவேட்டைப் பராமரிக்கும் ஏஜென்ட்), பங்குச் சந்தை என்று எல்லோரும் எம்சிஏ தளத்தைப் பார்த்துத்தான் நம்புகிறார்கள்.

யானைமலை

சிம்மக்கல் சொன்னது சரி. விலை ஏறுவதற்கு ஆறு மாதம், ஒரு வருஷம் முன்பே தடம் எம்சிஏ ரெக்கார்டில் விழுந்துவிடும். அதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் போதும்.

எம்சிஏ தளத்தில் கம்பெனியின் அடிப்படை விவரமான மாஸ்டர் டேட்டா இலவசம். முதலில் சிஐஎன் என்ற கம்பெனி அடையாள எண்ணைப் பாருங்கள். 21 எழுத்து. முதல் எழுத்து ‘எல்’ என்றால் லிஸ்டட், ‘யு’ என்றால் இல்லை. அடுத்த ஐந்து இலக்கம் தொழில் வகை, பிறகு மாநிலம், பிறகு தொடங்கிய வருஷம். ஐந்து இலக்கம் நூற்பாலை என்று சொல்கிறது, டெலிகிராம் குழுவோ ஏஐ கம்பெனி என்று சொல்கிறது என்றால் அங்கேயே நிறுத்தி யோசியுங்கள். பிறகு மின்னஞ்சல் முகவரி. கைப்பற்றுபவர் முதலில் மாற்றுவது அதைத்தான், ஏனென்றால் பதிவாளர் அனுப்பும் கடிதமெல்லாம் அங்கேதான் வரும்.

‘ஆக்டிவ் நான்-கம்ப்ளையன்ட்’ என்று நிலை காட்டினால், 2019-ல் கொண்டுவந்த ஐஎன்சி-22ஏ என்ற ஆபீஸ் முகவரி உறுதிப் படிவத்தை அந்தக் கம்பெனி போடவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் புது டைரக்டர் நியமனம், ஆபீஸ் மாற்றம், பங்கு ஒதுக்கீடு எதையும் பொதுவாகப் பதிவு செய்ய முடியாது. அதை நீக்க 10,000 ரூபாய் கட்டணத்தோடு, ரெஜிஸ்டர்டு ஆபீஸ் கட்டடத்தின் வெளிப்புறப் படமும், உள்ளே ஒரு டைரக்டர் நிற்கும் படமும் போட வேண்டும். கப்பலூர் சிட்கோவில் பத்து வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் ஷெட்டுக்கு இப்படிப் படம் ஏறியிருந்தால் நேரில் போய்ப் பார்த்துவிடலாம். பெயர்ப் பலகை படத்துக்காக மாட்டப்பட்டதா என்று பக்கத்து ஷெட்காரர் சொல்வார்.

அடுத்து அதே தளத்தில் 100 ரூபாய் கட்டி ஆவணங்களைத் திறந்து பாருங்கள். மூன்று மணி நேரம் கிடைக்கும், எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டியது தேதிகளை. ஐந்து வருஷ ஏஓசி-4 (நிதிக் கணக்கு), எம்ஜிடி-7 (ஆண்டு விவர அறிக்கை) எல்லாம் ஒரே வாரத்தில் ஏறியிருக்கிறதா? தாமதக் கட்டணம் படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு இல்லை. ஒரு வருஷத் தாமதத்துக்கு இரண்டு படிவமும் சேர்த்து 73,000. ஐந்து நிதியாண்டு பாக்கி, கடைசி ஆண்டுக்கு ஒரு வருஷம், அதற்கு முந்தையதற்கு இரண்டு என்று கூட்டினால் மொத்தம் 15 வருஷத் தாமதம், 10 லட்சத்து 95 ஆயிரம் ரூபாய். சொத்தும் வருமானமும் இல்லாத கம்பெனிக்கு இவ்வளவு பணத்தை யார் கட்டுகிறார், எங்கேயிருந்து எடுப்பதாக நினைக்கிறார்?

ஒன்று மட்டும் கவனம். 2020-ல் ‘ஃப்ரெஷ் ஸ்டார்ட்’ திட்டத்தில் ஏப்ரல் முதல் டிசம்பர் வரை தாமதக் கட்டணம் தள்ளுபடி ஆனது. அந்த மாதங்களில் நேர்மையான கம்பெனிகளும் மொத்தமாகப் படிவம் போட்டன. எனவே 2020 தேதியை மட்டும் வைத்துக் குற்றம் சொல்லக் கூடாது.

ஆடிட்டர் கையெழுத்துத் தேதியையும் பாருங்கள். 2019 ஜூலை 1 முதல் ஆடிட் அறிக்கைக்கு யுடிஐஎன் என்ற தனி ஆவண எண் கட்டாயம், அதைப் பட்டயக் கணக்காளர் கழகத் தளத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். இன்றைக்கு உருவாக்கிய 2016–17 கணக்கில் 2017 செப்டம்பர் என்று முன்தேதி போட்டால் யுடிஐஎன் தேவைப்படாது. ஆகவே பதிவேற்றம் இப்போது, கையெழுத்துத் தேதி மட்டும் 2019-க்கு முன்பு என்றால் அந்தப் பழைய ஆடிட்டர் அலுவலகத்துக்கே ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.

வைகைக்கரை

எல்லாம் சரி, ஆனால் ஒரு பக்கமாகவே பேசுகிறோம். செத்த கம்பெனியை மீட்பதே குற்றம் என்று ஆகிவிடக் கூடாது. ஆள் இல்லாத கம்பெனிக்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. பிரிவு 167(1)(பி)-ன்படி 12 மாதம் எந்த போர்டு கூட்டத்துக்கும் வராத டைரக்டரின் பதவி தானாகக் காலியாகும். எல்லா டைரக்டர் பதவியும் காலியானால் 167(3)-ன்படி புரமோட்டர், அவர் இல்லையென்றால் மத்திய அரசு, தேவையான டைரக்டர்களை நியமிக்கலாம். அவர்கள் அடுத்த பொதுக்கூட்டம் வரைதான் இருப்பார்கள். ஏஜிஎம் (ஆண்டுப் பொதுக்கூட்டம்) நடக்காத கம்பெனியில் எந்த ஒரு உறுப்பினரும், அதாவது பங்குதாரரும், பிரிவு 97-ல் என்சிஎல்டி என்ற தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்திடம் கூட்டம் நடத்தச் சொல்லிக் கேட்கலாம். பெயர் நீக்கப்பட்ட கம்பெனியைக்கூட பிரிவு 252-ல் மீட்கலாம், உறுப்பினருக்கும் கடன் கொடுத்தவருக்கும் 20 வருஷம் வரை அவகாசம் உண்டு. இவையெல்லாம் நேர்மையாகவும் நடக்கின்றன.

சிம்மக்கல்

வைகைக்கரை ஐயா, மறுக்கவில்லை. நேர்மையாக மீட்பவர் என்சிஎல்டியோ செபியோ பங்குச் சந்தையோ பார்க்கும்படி வருவார். ஓப்பன் ஆஃபர் விரிவான அறிவிப்பு ஆங்கில நாளிதழ், இந்தி நாளிதழ் தவிர ரெஜிஸ்டர்டு ஆபீஸ் இருக்கும் ஊரின் மொழி நாளிதழிலும் வர வேண்டும். மதுரை கம்பெனி என்றால் தமிழ்ப் பத்திரிகையில் வந்தாக வேண்டும். ஆபீஸை தமிழ்நாட்டிலிருந்து வேறு மாநிலத்துக்கு மாற்றுவதற்கும் ஐஎன்சி-26 விளம்பரம் மாவட்டத்தின் மொழிப் பத்திரிகையில் வர வேண்டும், 14 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். இந்த விளம்பரங்கள் எதுவும் இல்லாமல் ஆபீஸ் கொல்கத்தாவிலோ மும்பையிலோ உட்கார்ந்திருந்தால் மீட்பு என்று நான் ஏற்கமாட்டேன்.

பிரிவு 97-க்கு இன்னொரு முகம் உண்டு. ஒரே ஒரு உறுப்பினர் வந்தாலும் அது கூட்டம் என்று தீர்ப்பாயம் உத்தரவிடலாம். பத்துப் பங்கு வைத்திருப்பவர்கூட அந்த உத்தரவை வாங்கித் தனக்கு வேண்டியவர்களைப் போர்டில் போட்டுக்கொள்ள முடியும். அதனால் என்சிஎல்டி தளத்தில் கம்பெனி பெயரைப் போட்டு வழக்கு இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். தமிழ்நாட்டுக் கம்பெனிக்குச் சென்னை அமர்வுதான், மதுரையில் இல்லை.

கோரிப்பாளையம்

அமெரிக்கப் பங்கு ஆப்களில் பணம் போடுபவர்கள் நம் ஊரிலும் கூடிவிட்டதால் இதையும் சேர்க்கிறேன். அங்கே இதற்குப் பெயரே கார்ப்பரேட் ஹைஜாக்கிங். நெவாடா மாதிரி மாநிலங்களில் பங்குதாரர் ஒருவர் கோர்ட்டுக்குப் போய்க் கைவிட்ட கம்பெனிக்குக் கஸ்டோடியன் (கோர்ட் நியமிக்கும் பொறுப்பாளர்) ஆகலாம். நோக்கம் நல்லது. தவறாகப் போகும்போது அந்தக் கஸ்டோடியன் தனக்கே பல மடங்கு ஓட்டுரிமையுள்ள முன்னுரிமைப் பங்கு ஒதுக்கிக்கொண்டு, கம்பெனியை இன்னொருவருக்கு விற்றுவிடுவார். சாதாரணப் பங்குதாரரின் பங்கு அங்கேயே செல்லாக்காசு. இன்னும் மோசமானவர்கள் கோர்ட்டுக்கே போவதில்லை. 2021-ல் மினசோட்டாவில் அரசு தொடுத்த குற்ற வழக்கு, போலி ராஜினாமாக் கடிதம் போட்டுச் செயலற்ற ஷெல்களைப் பிடித்தார்கள் என்பதுதான்.

அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான எஸ்இசி 2012 மே மாதம் ஒரே நாளில் 379 செயலற்ற கம்பெனிகளின் வர்த்தகத்தை நிறுத்தியது. நிறுத்தப்பட்ட பங்குக்குப் புதிதாக விலை சொல்லத் தரகர் மறுபடி ஆவணம் தர வேண்டும், அதனால் அந்த ஷெல் திருடனுக்குப் பயன்படாது. 2021 செப்டம்பர் 28 முதல் 15சி2-11 விதி இறுக்கப்பட்டு, நடப்புத் தகவல் வெளியிடாத கம்பெனிக்குப் பொதுச் சந்தையில் விலை சொல்ல முடியாமல் ஆனது. 2025 செப்டம்பர் 15 முதல் கம்பெனிகள் அங்கே ஆவணம் தாக்கல் செய்யும் எட்கர் தளத்தில் கம்பெனிக்கு ஒரே கடவுச்சொல் என்ற பழைய முறை போய், தனிநபர் அடையாளத்தோடு உள்நுழையும் முறை வந்துவிட்டது.

வாங்கும் முன், பெரிய சந்தைகளில் பட்டியலாகாத பங்குகளுக்கான ஓடிசி மார்க்கெட்ஸ் தளத்தில் அந்தப் பங்கின் பக்கத்தைத் திறங்கள். ‘ஷெல் ரிஸ்க்’ குறியோ மண்டை ஓட்டுப் படமோ இருந்தால் மூடிவிடுங்கள். ஷெல்லாக இருந்த கம்பெனியின் பங்குக்கு, பிரைவேட்டாக வாங்கிய பங்கைத் திருப்பி விற்க உதவும் விதி 144 சலுகை எளிதில் கிடைக்காது. ‘பிரைவேட்டாக மலிவு விலைக்குத் தருகிறோம்’ என்று விற்கப்படும் பங்கை நீங்கள் திருப்பி விற்கவே முடியாமல் போகலாம்.

கப்பலூர்

வீடு தேடி வந்து சான்றிதழ் வாங்குபவர்கள் பற்றி யாரும் எழுதவில்லை. 2019 ஏப்ரல் 1 முதல் லிஸ்டட் கம்பெனியின் காகிதப் பங்கை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. முதலில் டீமேட் (மின்னணுப் பங்கு) ஆக்க வேண்டும். பழைய தேதியில் கொடுத்துத் திரும்பி வந்த பத்திரங்களுக்காக 2025 ஜூலை 7 முதல் 2026 ஜனவரி 6 வரை செபி ஒரு சிறப்புச் சாளரம் திறந்தது. அது 2019 ஏப்ரலுக்கு முன் சமர்ப்பித்த பத்திரங்களுக்கு மட்டும். அப்படியிருக்க இன்றைக்கு ஒருவர் வெற்று எஸ்எச்-4 பங்கு மாற்றுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்கிறார் என்றால் அவருக்கு வேண்டியது பங்கு மட்டும் இல்லை. கையெழுத்து மாதிரி, பான் நகல், ஆதார் நகல், ஃபோலியோ எண், பழைய முகவரி எல்லாம் சேர்ந்து ஒரு கட்டு. அதை வைத்து ஐஎஸ்ஆர்-1 போட்டு முகவரியும் வங்கிக் கணக்கும் மாற்றலாம், சான்றிதழ் தொலைந்தது என்று நகல் கேட்கலாம், முன்தேதியிட்ட படிவம் தயாரிக்கலாம். இறந்தவர் பெயரில் இருக்கும் ஃபோலியோ இவர்களுக்கு இன்னும் வசதி.

கூட்டத்தில் உங்களுக்குப் பதில் ஓட்டுப் போட இன்னொருவரை நியமிக்கும் ப்ராக்ஸி ஃபாரத்திலும் கையெழுத்துக் கேட்பார்கள். சட்டப்படி ஒரு ப்ராக்ஸி அதிகபட்சம் 50 உறுப்பினருக்கும், மொத்தம் 10% ஓட்டுரிமைக்கும் மேல் நிற்க முடியாது. அதனால்தான் தெருவுக்கு ஒரு ஆள் என்று பிரித்துக்கொண்டு வருகிறார்கள்.

‘தொலைந்த சான்றிதழுக்குப் பணம் வாங்கித் தருகிறேன், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்’ என்று கேட்பவரிடமும் எதுவும் கொடுக்காதீர்கள். ஏழு வருஷம் டிவிடெண்ட் வாங்காத பங்கு ஐஇபிஎஃப் என்ற அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கும். அதைத் திரும்பக் கேட்கும் ஐஇபிஎஃப்-5 படிவத்துக்குக் கட்டணமே கிடையாது.

திருமங்கலம்77

இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். விலை ஏறிக்கொண்டிருக்கும்போது பாதியில் நுழைந்து பாதியில் வெளியே வந்துவிடலாம் என்று குழுக்களில் சொல்கிறார்கள். ஒரு நாளில் 5%-க்கு மேல் விலை ஏறவோ இறங்கவோ விடாத சர்க்யூட் இருக்கும்போது பயம் இல்லை என்கிறார்களே?

சிம்மக்கல்

அந்த 5% தான் பொறி. தினம் 5% மேல் வரம்பில் பூட்டினால் 15 வர்த்தக நாளில் விலை இரட்டிப்பு, 60 நாளில் 18 மடங்குக்கு மேல். ஏறும்போது விற்பவர் இல்லாததால் நீங்கள் வாங்க முடியாது. உங்களுக்கு எளிதாகப் பங்கு கிடைக்க ஆரம்பிக்கும் நாள்தான் அவர்கள் கொட்டத் தொடங்கிய நாள். இறங்கும்போது தினமும் கீழ் வரம்பில் பூட்டும், வாங்க ஆள் இருக்காது. சந்தையின் டி அல்லது இசட் என்ற கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தால் அன்றைக்கே வாங்கி அன்றைக்கே விற்கவும் வழியில்லை.

எப்போது கொட்டுவார்கள் என்பதும் ஓரளவு தெரிந்ததே. கம்பெனியைப் பிடித்ததும் வேண்டியவர்களுக்கு மட்டும் புதுப் பங்கு ஒதுக்கும் பிரிஃபரன்ஷியல் அலாட்மென்ட் போடுவார்கள். புரமோட்டர் அல்லாதவர்களுக்கு லாக்-இன் (விற்க முடியாத காலம்) இப்போது 6 மாதம், 2022 ஜனவரிக்கு முன் ஒரு வருஷம். அலாட்மென்ட் அனுமதித் தேதியையும் லாக்-இன் முடியும் தேதியையும் பங்குச் சந்தைத் தளத்தில் குறித்துக்கொண்டு, டெலிகிராம் டிப் எந்த வாரம் வந்தது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசியில் வாங்குபவர்தான் அவர்களுக்கு லாபம் தருகிறார்.

வரியையும் மறக்காதீர்கள். 2018 ஏப்ரலுக்கு முன் பங்கின் நீண்டகால லாபத்துக்கு வருமான வரிச் சட்டம் 10(38)-ல் வரிவிலக்கு இருந்தது. கறுப்புப் பணத்தை வெள்ளையாக்க இந்த ஷெல்களே பயன்பட்டன. பெயர் கெட்ட பங்கில் பெரிய லாபம் காட்டினால் வருமான வரித் துறை அதை விளக்கமில்லாத வரவு என்று எடுத்துக்கொண்டு உயர் விகிதத்தில் வரி, அதற்கு மேல் சர்சார்ஜ் (கூடுதல் வரி) என்று கேட்கும். தெரியாமல் வாங்கியவரும் விளக்கம் சொல்லியாக வேண்டும்.

யானைமலை

புகார் எங்கே என்பதில் பலர் மாதக்கணக்கில் அலைகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கம்பெனி பிஎஸ்இ, என்எஸ்இயில் இன்னும் பட்டியலில் இருந்தால் செபியின் ஸ்கோர்ஸ் புகார்த் தளம். 21 நாளுக்குள் கம்பெனி பதில் நடவடிக்கை அறிக்கை தர வேண்டும். ஆனால் பெயர் நீக்கப்பட்ட, காணாமல் போன, டிசெமினேஷன் போர்டில் (மூடிய சந்தைகளின் கம்பெனிகளுக்கான தனிப் பட்டியல்) மட்டும் இருக்கும் கம்பெனி பற்றிய புகாரை ஸ்கோர்ஸ் பொதுவாக எடுக்காது. அதற்கு எம்சிஏ தளத்தின் புகார்ப் படிவமும் பதிவாளருக்கு நேரடிக் கடிதமும். டிசெமினேஷன் போர்டு கம்பெனியாக இருந்தால் 2016 அக்டோபர் சுற்றறிக்கைப்படி புரமோட்டர் மதிப்பீட்டாளர் விலையில் உங்களுக்கு வெளியேற வழி தந்தாரா என்பதையும் கடிதத்தில் கேளுங்கள்.

போலீஸில் பலர் செய்யும் தவறு, கம்பெனிகள் சட்டம் பிரிவு 447 மோசடி என்று எழுதிக் கொடுப்பது. பிரிவு 212(6)-ன்படி அந்தக் குற்றத்தை எஸ்எஃப்ஐஓ (கடும் மோசடி விசாரணை அலுவலகம்) இயக்குநரோ மத்திய அரசு அதிகாரம் கொடுத்தவரோ புகார் செய்தால்தான் சிறப்பு நீதிமன்றம் எடுக்கும். ஸ்டேஷனில் கைவிரித்துவிடுவார்கள். போலிக் கையெழுத்து, போலி ராஜினாமா என்று நடந்ததை எழுதி, பாரதிய நியாய சன்ஹிதா 318 ஏமாற்று, 336, 338 போலி ஆவணம், 340 போலியை உண்மையாகப் பயன்படுத்துதல் என்று கேளுங்கள். மதுரையில் டிஎன்பிஐடி நீதிமன்றம் இருப்பதால் அங்கே போகலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது டெபாசிட் வாங்கி ஏமாற்றிய நிதி நிறுவனங்களுக்கானது, பங்குக்குப் பொருந்தாது. ஆன்லைனில் பணம் இழந்திருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே சொல்லுங்கள், முதல் சில மணி நேரம்தான் பணத்தை முடக்கப் பயன்படும்.

போர்டையே கலைக்க வேண்டுமென்றால் என்சிஎல்டியில் பிரிவு 241. அதற்கு 100 உறுப்பினர் அல்லது மொத்த உறுப்பினரில் பத்தில் ஒரு பங்கு, எது குறைவோ அது; இல்லாவிட்டால் 10% மூலதனம். பீரோவில் ஐம்பது, நூறு என்று பங்கு வைத்திருக்கும் 100 பேரைச் சேர்த்தால் போதும். நம் பக்கத்தில் ஒரே இஷ்யூவுக்கு விண்ணப்பித்த குடும்பங்கள் ஒரே தெருவில் இருக்கும், அது முடியாத காரியம் இல்லை. எண்ணிக்கை குறைந்தால் விலக்குக் கொடுக்கவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. விசாரணை மட்டும் வேண்டுமானால் பிரிவு 213.

வைகைக்கரை

நூறு பேர் சேர்வதற்குள் ஒருவர் தனியாகச் செய்யக்கூடியது ஏதும் இருக்கிறதா?

யானைமலை

உண்டு. ரெஜிஸ்டர்டு ஆபீஸ் முகவரிக்கு பதிவு வசதியும் டெலிவரிச் சான்றும் சேர்த்து ஸ்பீட் போஸ்ட் அனுப்புங்கள். உறுப்பினர் பதிவேட்டைப் பார்க்க பிரிவு 94-ல் உரிமை கேட்டு இரண்டு வரி எழுதினால் போதும், உறுப்பினருக்கு அதைப் பார்க்கக் கட்டணம் இல்லை. ‘அப்படி யாரும் இல்லை’ என்று தபால்காரர் எழுதித் திரும்பி வரும் கவரைப் பிரிக்காமல் வைத்திருங்கள். ஐஎன்சி-22ஏ-வில் அந்த முகவரியில் ஆபீஸ் நடக்கிறது என்று படத்தோடு சொல்லியிருப்பவர்களுக்கு எதிராக அந்த மூடிய கவர்தான் உங்கள் முதல் இணைப்பு. 100 ரூபாயில் இறக்கிய டிஐஆர்-12 இரண்டாவது இணைப்பு. அதில் ராஜினாமா செய்ததாகச் சொல்லப்படும் பழைய டைரக்டர் அந்தத் தேதிக்கு முன்பே இறந்திருந்தால் மாநகராட்சியோ கிராம நிர்வாக அலுவலரோ பதிந்த இறப்புச் சான்று மூன்றாவது. அவர் குடும்பத்தாரிடம் கேட்டால் நகல் கொடுப்பார்கள்.